இரட்டைக் குழி கழிப்பறையா? ஒரு வழியை அடைச்சு வையுங்க!

2017 பிப்ரவரியில் மத்திய குடிநீர், சுகாதாரத் துறைச் செயலாளர் பரமேஸ்வரன் ஐயர், தெலங்கானாவின் கங்காதேவிபள்ளியில் கழிப்பறைக் குழிக்குள் இறங்கி எருவை அள்ளினார். ஆமாங்க, எருதான்!

பாதாள சாக்கடை இல்லாத ஊருக்கு இரட்டைக் குழி நல்ல வழி. ஒரு குழி நிறைந்ததும் நடுத்தொட்டியில் அதன் வழியை அடைச்சு, அடுத்ததுக்குத் திருப்பணும். மூடிய குழியில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி, இரண்டு வருஷத்தில் கழிவு மக்கிவிடும். பலர் இரண்டு வழியையும் திறந்தே விடுறாங்க. ரெண்டும் ஒண்ணா நிறைஞ்சா எதுவும் மக்காது. கிணற்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டவும் கூடாது.

செப்டிக் டேங்க் வேற. விஷவாயு உயிரையே எடுத்துடும். யாரையும் உள்ளே இறக்காதீங்க. கழிவை உறிஞ்சும் லாரிக்கு 14420-ஐ அழையுங்க.