பூர்வகுடிக் குடும்பங்களுக்கு மருத்துவம்: ஆஸ்திரேலியா செல்லும் தமிழ் மருத்துவர், செவிலியருக்கு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவம் படித்து ஆஸ்திரேலியா போகிறவர்கள் பலருக்கு முதல் வேலை சிட்னியிலோ மெல்பர்னிலோ அமைவதில்லை. வெளிநாட்டில் படித்த மருத்துவர்கள் பொதுவாகப் பத்தாண்டு வரை மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் வேலை பார்த்தால்தான் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் பணம் கிடைக்கும் என்பது அங்குள்ள விதி. அதனால் நம்மில் பலர் செம்மண் ஊர் ஒன்றில், பூர்வகுடிக் குடும்பங்கள் வந்துபோகும் கிளினிக்கில் போய் உட்காருகிறோம்.

நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். முதல் வாரம், சர்க்கரை நோயுள்ள ஒரு பாட்டிக்கு மாத்திரைகளைப் பற்றிக் கால் மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றுக்கும் ‘யெஸ்’ என்றார். புரிந்துகொண்டார் என்ற நிம்மதியோடு அனுப்பிவைத்தேன். ஒரு மாதம் கழித்து எங்கள் பூர்வகுடி சுகாதாரப் பணியாளர் அவர் வீட்டுக்குப் போய்வந்தார். மாத்திரைப் பெட்டி பிரிக்கப்படவே இல்லை. “அவங்க சரின்னு சொல்லலை டாக்டர், பேச்சை முடிங்கன்னு சொன்னாங்க” என்றார்.

அன்று எனக்குத் தெரியாதிருந்தவற்றைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

## படி 1: போவதற்கு முன் வரலாற்றைப் படியுங்கள்

1788-ல் ஆங்கிலேயர் வந்திறங்கியபோது அந்த மண்ணில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்பட்டன. நிலம் பறிபோனது. ஏறக்குறைய 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிக் குழந்தைகளை அரசே பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டு போனது. ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ என்று இன்று அவர்களைச் சொல்கிறார்கள். இதை விசாரித்த அறிக்கை 1997-ல் வெளிவந்தது. 2008 பிப்ரவரி 13-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இது உங்கள் அறைக்குள் எப்படி வருகிறது? ஆஸ்பத்திரியிலிருந்தே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன கதை பல குடும்பங்களில் இருக்கிறது. காய்ச்சலோடு வந்த குழந்தையின் தாயிடம் “வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?” என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி, அவர் காதில் வேறாக விழலாம். ஏன் கேட்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

2020–22 கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 71.9 ஆண்டு, பெண்களுக்கு 75.6. மற்ற ஆஸ்திரேலியர்களைவிட எட்டு ஆண்டுக்கும் மேல் குறைவு. வறுமை, நெருக்கடியான வீடு, தொலைவு ஆகியவற்றோடு, அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் மறுபடி படியேறாமல் போவதும் அந்த இடைவெளியில் அடங்கியிருக்கிறது.

## படி 2: ‘பாதுகாப்பு’ என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்?

‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற கருத்து நியூசிலாந்தில் பிறந்தது. 1988-ல் நடந்த ஒரு கூட்டத்தில், சட்டப் பாதுகாப்பு, சிகிச்சைப் பாதுகாப்பு என்றெல்லாம் பேசுகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன பாதுகாப்பு என்று, அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்துச் செவிலியர் மாணவி ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு கல்விமுறையாகவே வளர்த்தெடுத்தவர் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். 1992-ல் நியூசிலாந்து செவிலியர் கவுன்சில் அதைப் பாடத்திட்டத்தில் ஏற்றது.

அதன் சாரம் இதுதான்: சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்லும் உரிமை அதைப் பெற்றவருக்கே உண்டு. ஆஸ்திரேலியாவில் மருத்துவப் பதிவைக் கையாளும் ஆப்ரா அமைப்பின் வரையறையும் இதையே சொல்கிறது. “நான் எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறேன்” என்று நாம் பெருமையாகச் சொல்வது இங்கே சான்றாகாது. அந்தக் குடும்பம் என்ன சொல்கிறது என்பதே சான்று.

## படி 3: அணியில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

1971-ல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில், ஒரு கடையறையில், தன்னார்வலர்களைக் கொண்டு முதல் பூர்வகுடி மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. அதன் நிர்வாகம் பூர்வகுடி மக்களின் கையிலேயே இருந்தது. இன்று நாடு முழுவதும் அப்படி 140-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இயங்குகின்றன. அங்கே நீங்கள் சேர்ந்தால், உங்கள் முதலாளி அந்த ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த குழு.

அணியில் இவர்கள் இருப்பார்கள்:

- பூர்வகுடி சுகாதார மருத்துவப் பணியாளர்: 2012 முதல் தேசிய அளவில் பதிவுபெற்ற தொழில் இது. பரிசோதிப்பார், ஊசி போடுவார், சிகிச்சையைத் தொடர்வார். இவரை மொழிபெயர்ப்பாளராக மட்டும் பயன்படுத்தாதீர்கள்.
- செவிலியர், மகப்பேற்றுச் செவிலியர்: நாள்பட்ட நோய், தடுப்பூசி, கர்ப்பகாலக் கவனிப்பு இவர்கள் பொறுப்பு.
- ஓட்டுநர்: நோயாளியை வீட்டிலிருந்து அழைத்து வருபவர். யார் வீட்டில் சாவு, யார் ஊரில் இல்லை என்பது இவருக்குத்தான் முதலில் தெரியும்.
- வரவேற்பு மேசையில் இருப்பவர்: அநேகமாக ஊர்க்காரர். நோயாளி தங்குவதா திரும்பிப் போவதா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும்.
- பாரம்பரிய வைத்தியர்: மத்தியப் பாலைவனப் பகுதியில் ‘ஙங்காரி’ என்பார்கள். சில இடங்களில் கிளினிக்கோடு சேர்ந்தே வேலை செய்கிறார்கள்.
- நீங்கள்: அணியில் ஒருவர். ஊரைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்தவரும் நீங்கள்தான்.

தினமும் காலையில் பத்து நிமிடம் எல்லாரும் கூடி அன்றைய பட்டியலைப் பேசுங்கள். முதல் பேச்சு ஊர்க்காரருடையதாக இருக்கட்டும்.

## படி 4: காத்திருக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள்

பிரிஸ்பேனின் இனாலா பகுதியில் ஓர் அரசு மருத்துவ நிலையம் இருந்தது. சுற்றிலும் பூர்வகுடிக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் 1990-களின் நடுவில் அங்கே வந்த பூர்வகுடி நோயாளிகள் வெறும் 12 பேர். பூர்வகுடி மருத்துவரான நோயல் ஹேமன் பொறுப்பேற்றதும், ஏன் வருவதில்லை என்று மக்களிடமே போய்க் கேட்டார்கள். எங்கள் ஆட்கள் யாரும் அங்கே வேலையில் இல்லை, எங்களுடையது என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை, ஊழியர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றார்கள்.

பூர்வகுடி ஊழியர்களைச் சேர்த்தார்கள். சுவரில் அவர்கள் ஓவியம் ஏறியது. வானொலியில் அவர்கள் நிலையம் ஒலித்தது. எல்லா ஊழியருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். 2008-க்குள் நோயாளிகள் 3,000-ஐத் தாண்டினார்கள். புது மருந்தோ புதுக் கருவியோ செய்த வேலை இல்லை இது.

பதிவு செய்யும்போது அபோரிஜினலா, மற்றொரு பூர்வகுடியினரான டோரஸ் நீரிணைத் தீவினரா என்று வருகிற எல்லாரிடமும் கேளுங்கள். தோல் நிறத்தைப் பார்த்து முடிவுசெய்யாதீர்கள்.

## படி 5: பேச்சை மாற்றுங்கள்

அங்கே ‘யார்ன்’ என்று ஒரு சொல் உண்டு. நம் திண்ணைப் பேச்சு போன்றது. நோயாளியுடன் அந்த நடையில்தான் பேச வேண்டும் என்று மருத்துவர்களுக்கே பயிற்சி தருகிறார்கள். முதலில் மனிதரைப் பற்றிய பேச்சு, அடுத்து நோய் பற்றிய பேச்சு, கடைசியில் சேர்ந்து முடிவெடுக்கும் பேச்சு.

எந்த ஊர், யாருடைய ஆட்கள்? முதல் கேள்வி பெரும்பாலும் இதுவாக இருக்கும். நம் ஊரில் இந்தக் கேள்வி சாதியைத் துழாவுவதாகவும் இருக்கும் என்பதால் சங்கடப்படாதீர்கள். அங்கே அது உறவைத் தேடும் கேள்வி. நீங்களும் உங்கள் ஊர், அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

மௌனத்தை நிரப்பாதீர்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணைப் பார்த்துப் பேசாதது பலரிடம் மரியாதை.

‘யெஸ்’ என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். “புரிந்ததா?” என்று கேட்காமல், “வீட்டுக்குப் போனதும் இதை எப்படிச் சாப்பிடுவீர்கள்? காட்டுங்கள்” என்று மாத்திரையைக் கையில் கொடுங்கள். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது, நான்காவது மொழியாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

உறவுமுறை நமக்கு அந்நியமில்லை. அம்மாவின் அக்கா நமக்குப் பெரியம்மா, தங்கை சின்னம்மா, இருவரும் அம்மாதான். பல பூர்வகுடிச் சமூகங்களிலும் அப்படியே. மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியரா மக்களின் உறவுமுறையையும் திராவிட உறவுமுறையையும் மானிடவியலாளர்கள் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு குழந்தையோடு இரண்டு ‘அம்மா’ வந்தால் குழம்பாதீர்கள். கையெழுத்திடச் சட்டப்படி உரிமையுள்ளவர் யார் என்பதை மட்டும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது என்ற வழக்கம் உள்ள ஊர்களில் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைக்காதீர்கள்.

ஆண், பெண் விஷயங்கள் தனித்தனி. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை என்றால் பெண் பணியாளரை ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

## படி 6: நோயாளியைக் குடும்பத்தோடு சேர்த்துப் பாருங்கள்

எல்லா வயதுப் பூர்வகுடியினருக்கும் மெடிகேரில் ஒரு முழுப் பரிசோதனை உண்டு. ஊரில் அதை ‘715’ என்று அதன் எண்ணாலேயே சொல்வார்கள். பாட்டி பி.பி. பார்க்க வந்திருக்கும்போது பேரப்பிள்ளையின் காதையும் பார்த்துவிடலாம். ‘சொன்ன பேச்சுக் கேட்பதில்லை’ என்று பள்ளி புகார் சொல்லும் குழந்தைக்குக் காது கேட்காமலே இருக்கலாம். நடுக்காதுத் தொற்று தொலைதூர ஊர்களில் அவ்வளவு சாதாரணம்.

வாதக்காய்ச்சலால் வரும் இதய நோயை நாம் நம் ஊர் வார்டுகளில் பார்த்திருக்கிறோம். அங்கே அது பூர்வகுடிப் பிள்ளைகளையே பெரும்பாலும் தாக்குகிறது. 28 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி, அதுவும் ஆண்டுக்கணக்கில். வலிக்கும் ஊசி. எங்கள் பணியாளர் சிறுவனின் இடுப்பில் ஐஸ் பை வைத்து, மருந்தைக் கையில் உருட்டிச் சூடாக்கி, அவன் கால்பந்து அணியைப் பற்றிப் பேசிக்கொண்டே மெல்லச் செலுத்துவார். அவருக்காகவே பையன் அடுத்த மாதமும் வந்தான். எழுதிக்கொடுத்தது நான், அதைச் சிகிச்சையாக்கியவர் அவர்.

பிரிஸ்பேனில் 2013-ல் தொடங்கிய ஒரு மகப்பேற்றுத் திட்டமும் இப்படித்தான். கர்ப்பம் முதல் பிரசவம் தாண்டியும் ஒரே மகப்பேற்றுச் செவிலியர், கூடவே பூர்வகுடிக் குடும்ப ஆதரவாளர், போய்வர வண்டி. அந்தத் தாய்மார்களிடையே குறைமாதப் பிரசவம் கணிசமாகக் குறைந்ததாக ஆய்வில் தெரிந்தது.

மருந்து எழுதும்போது, 2010 முதல் உள்ள ‘குளோசிங் த கேப்’ சலுகையில் நோயாளி பதிவாகியிருக்கிறாரா என்று பாருங்கள். அதில் விலை குறையும், பலருக்கு இலவசம்.

## படி 7: துக்கத்துக்கும் மண்ணுக்கும் இடம் கொடுங்கள்

ஒரு சாவு என்றால் ஊரே நின்றுவிடும். துக்கச் சடங்கு நாட்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் நீளும். அப்போது வராதவரை அட்டையில் ‘ஒத்துழைக்காதவர்’ என்று எழுதாதீர்கள். பல சமூகங்களில் இறந்தவரின் பெயரைச் சொல்வதில்லை. படத்தைக் காட்டுவதும் இல்லை. சுவரில் ஒட்டியிருக்கும் புகைப்படங்களைப் பற்றி முதலில் ஊர்க்காரரிடம் கேளுங்கள்.

சொந்த மண்ணை விட்டுப் போவதே நோயாகிவிடும். கின்டோர், கிவிர்குரா என்ற பாலைவன ஊர்களில் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் டயாலிசிஸுக்காக நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்க் கிடக்க வேண்டியிருந்தது. அந்த ஊர்களின் ஓவியர்கள் தாங்களே வரைந்து, 2000 நவம்பரில் சிட்னியில் ஏலம் விட்டார்கள். பத்து லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. 2004-ல் கின்டோரிலேயே டயாலிசிஸ் தொடங்கியது. அந்தப் பணத்தில் உருவான அமைப்பைத்தான் இன்று எல்லாரும் ‘பர்ப்பிள் ஹவுஸ்’ என்று அறிகிறார்கள். என்ன வேண்டும் என்பது அந்த மக்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

## முதல் மாதச் சரிபார்ப்பு

1. அது எந்த மக்களின் மண், அவர்கள் மொழியின் பெயர் என்ன, அந்த மொழியில் வணக்கம் எப்படிச் சொல்வது என்று தெரியுமா?
2. தவறு செய்தால் உங்களிடம் நேரடியாகச் சொல்லும் ஊர்க்காரர் ஒருவர் அணியில் இருக்கிறாரா? அவரிடம் நீங்களே போய்க் கேட்டீர்களா?
3. ஒரு நாளாவது ஓட்டுநரோடு வண்டியில் போனீர்களா?
4. ‘அபோரிஜினல்’ என்ற சொல்லை ஒருபோதும் சுருக்கிச் சொல்லாதிருக்கிறீர்களா? அந்தச் சுருக்கம் வசைச்சொல்.
5. தவறியபோது விளக்கம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டீர்களா?

அந்தப் பாட்டியிடம் நானும் மன்னிப்புக் கேட்டேன். பணியாளரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். வெகு நேரம் நாங்கள் மாத்திரையைப் பற்றியே பேசவில்லை. என் அம்மாவுக்கும் சர்க்கரை என்றேன். அவர் என்ன சாப்பிடுவார், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று பாட்டி விசாரித்தார். கிளம்பும்போது, எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது என்று அவராகவே சொன்னார். இரண்டு வாரம் கழித்துக் கிளினிக்குக்கு வந்தார். கூடவே காதில் சீழ் வடியும் பேரனையும் கூட்டிவந்திருந்தார்.