மூண்டு சோடி மேசு போட்டும் கால் ஏன் விறைச்சது?



இந்த வாரம் பாட்காஸ்டில் பேட்டரியால் சூடாகும் மேசு பற்றிக் கதைத்தோம். நேரம் போதாமல் விட்ட பகுதியை இங்கே எழுதுகிறேன். பேட்டரிக்கு முதல் துணியைக் கவனிக்க வேணும்.

எனக்கு 17 வயது. நண்பர்களோடு விண்டர்பெர்க்குக்கு முதல் தடவையாக ஸ்கீ ஓடப் போகிறேன். அம்மா வாசலில் நிண்டு, "தம்பி, மூண்டு சோடி மேசு போடு, குளிர் ஏறாது" என்றா. போட்டேன். மூன்றும் பருத்தி. வாடகை பூட்ஸின் கொளுக்கியைப் பூட்டவே இரண்டு பேர் தேவைப்பட்டது. ஒரு மணித்தியாலத்தில் கால்விரல்களில் உணர்வே இல்லை. கழற்றிப் பார்த்தால் விரல் வெள்ளை, மேசு ஈரம். மிச்ச நாள் முழுக்கக் குடிலுக்குள் இருந்து ககாவோ குடித்ததுதான் என் ஸ்கீ.

எங்கே பிழை விட்டேன்?

சூடு எங்கேயிருந்து வருது?

மேசு சூட்டை உண்டாக்காது. காலுக்குச் சூட்டைக் கொண்டு வருவது இரத்தம். குளிரில் கால்விரல்களின் இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கும். ஸ்கீ பூட்ஸின் வெளி ஓடு கடினமான பிளாஸ்டிக்; அது விரிந்து கொடுக்காது. உள்ளே மூன்று மேசைத் திணித்தால் கால்தான் நசுங்கும், இரத்த ஓட்டம் இன்னும் குறையும்.

இன்னொன்று, துணி சூட்டைக் காப்பது தனக்குள் பிடித்து வைத்திருக்கும் காற்றால்தான். அழுத்தினால் அந்தக் காற்று வெளியேறிவிடும். குளிரைத் தடுக்கிற வேலையை பூட்ஸின் உள்ளே இருக்கிற மெத்தைபோன்ற 'இன்னன்ஷூ' ஏற்கெனவே செய்கிறது. மேசின் வேலை ஈரத்தை எடுப்பதும் உரசலைத் தடுப்பதும்.

ஈரம்

குளிரிலும் கால் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்திருக்கும், லேசில் காயாது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நனைந்த பருத்தி போட்ட கால் ஏன் விறைக்குது என்று இப்ப விளங்கும். கம்பளி வேறு மாதிரி: தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள் எடுத்தாலும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. மெரினோ கம்பளியின் இழை மெல்லியது, அதனால் கடிக்காது.

லேபிளை வாசியுங்கோ

துணியில் எந்த இழை எத்தனை வீதம் என்று எழுதுவது ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாயம். 'பௌம்வொல்ல' கூடவா? திருப்பி வையுங்கோ. 'ஷூர்வொல்ல' கம்பளி. 'பொலியமிட்' தேயாமல் காக்கும். 'எலாஸ்தான்' வழுக்காமல் பிடித்து வைக்கும். இவை மூன்றும் கலந்த மேசு நல்ல தெரிவு.

விண்டர்பெர்க் இருக்கிற அதே மாவட்டத்தில்தான் ஷ்மல்லன்பெர்க் ஊரும் இருக்கு. ஃபால்க்கே நிறுவனம் 1895-இல் அங்கேதான் தொடங்கியது. அவர்களின் ஸ்கீ மேசில் இடது கால், வலது கால் தனித்தனி. எஸ்கே 2-ஐ விட எஸ்கே 4 மெல்லியது. இது விளம்பரம் இல்லை. ஒரு மேசுக்குள் இவ்வளவு யோசனை இருக்கு என்று காட்டத்தான் சொல்கிறேன்.

போக முதல் பார்க்க வேண்டியவை

• ஒரே ஒரு சோடி. மெல்லியது, முழங்காலுக்குக் கீழே வரை வருவது.
• அதே மேசைப் போட்டுக்கொண்டே பூட்ஸை அளந்து பாருங்கோ. ஸ்கீ பூட்ஸின் அளவு 'மொண்டோபொயின்ட்', அதாவது கால் நீளம் சென்டிமீட்டரில். நேரே நிண்டால் விரல் முன்பக்கத்தை லேசாகத் தொட வேணும். முழங்காலை மடித்தால் விலக வேணும்.
• உள்ளே போடும் நீளக் காற்சட்டை பூட்ஸுக்கு மேலேயே நிற்கட்டும். ஒரு மடிப்புப் போதும், காலில் கொப்புளம் வர.
• வீட்டில் இருந்து போட்டுக்கொண்டு போகாதேங்கோ. பூட்ஸ் போடுகிற இடத்தில் காய்ந்த மேசுக்கு மாறுங்கோ.
• பேட்டரி மேசு வாங்கினாலும் இதே விதிதான். இறுக்கமான பூட்ஸைப் பேட்டரி சரிப்படுத்தாது.
• விரல் வெளுத்து உணர்வு போனால் பொறுத்துக்கொண்டு ஓடாதேங்கோ. உள்ளே போய்க் கழற்றுங்கோ.

கடைசியாக அம்மா. பிறகொரு நாள் கேட்டேன், ஏன் மூண்டு சோடி என்று. ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வேலைக்குப் போக விடிய முதல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவ மூண்டு சோடிதான் போடுவாவாம். யாரோ கொடுத்த சப்பாத்து, ஒரு அளவு பெரிசு. அதுக்குள் காற்றுக்கு இடம் இருந்தது, கால் நசுங்கவில்லை. அங்கே அவ செய்தது முழுக்கச் சரி. பூட்ஸ்தான் வேறு.

போன மார்கழியில் என் மெரினோ மேசைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த மெல்லிசு காணுமே?" என்றா.

ஓம் அம்மா, காணும்.

அடுத்த வாரம் சந்திப்போம்.