வீடு இருக்கிறது, வரி கட்ட வழியில்லை: முதியோருக்கு என்ன செய்யலாம்?



கணவர் மவுத்தாகிப் பல வருடங்கள் ஆன ஒரு மூதாட்டியை நினைத்துக்கொள்வோம். கணவர் கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. வருமானம் என்றால் மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை மட்டும். மருந்துக்கும் அரிசிக்குமே அது போதாது. வீட்டு வரி மூன்று வருடமாக நிற்கிறது. 'வீடு வைத்துக்கொண்டு உதவி கேட்பதா' என்று வெட்கப்பட்டு அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்கள் நம் ஜமாஅத்திலும் இருக்கலாம். அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது?

முகையூர் போன்ற ஊராட்சிகளில் வீட்டு வரி, 1994ஆம் வருட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 172ஆம் பிரிவின்படி விதிக்கப்படுகிறது. கட்டடத்தின் வகையையும் பரப்பளவையும் பொறுத்து வரி அமையும். நிலுவை வரி அந்த வீட்டின் மீதே பொறுப்பாக நிற்கும். அதனால் அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

அறுபது வயது ஆனதும் வரி தானாகக் குறையும் ஏற்பாடு நம் மாநிலத்தில் இல்லை. டெல்லி மாநகராட்சியில் மூத்த குடிமக்கள் தாங்கள் குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 சதவீதச் சலுகை பெறுகிறார்கள். கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல், சொந்தமாகக் குடியிருக்கும் 60 சதுர மீட்டர் வரையுள்ள சிறு வீடுகளுக்கு வரி இல்லை. ஆனால் நம் 172ஆம் பிரிவிலும் ஒரு வாசல் உண்டு. ஏழ்மையைக் காரணமாகக் கொண்டு வரிவிலக்கு அளிக்க அரசு விதிகள் செய்யலாம் என்று அது கூறுகிறது. ஏழ்மை ஒரு நியாயமான காரணம் என்பதைச் சட்டமே ஏற்றிருக்கும்போது, எழுத்து மூலம் கேட்பதில் வெட்கம் எதற்கு?

செய்ய வேண்டியவை

1. பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். பெயர், பரப்பளவு, கட்டட வகை சரியா? ஓட்டு வீட்டை மாடி வீடு என்று பதிந்திருந்தால் திருத்தக் கேளுங்கள்.

2. ஊராட்சி மன்றத் தலைவருக்கு மனு எழுதி, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஆதார், குடும்ப அட்டை, உதவித்தொகை ஆணை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். ஏழ்மையின் பேரில் விலக்கு கேளுங்கள். அது முடியாவிட்டால் நிலுவையைத் தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பதில் வராவிட்டால் கிராம சபையில் பேசலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூடுகிறது. விழுப்புரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு தரலாம்.

4. விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளில் வீடுள்ளவர்கள் அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை: 'வரியை நான் கட்டுகிறேன், வீட்டை எழுதிக் கொடுங்கள்' என்று யாராவது கேட்டால், ஜமாஅத் பெரியவர்களைக் கலந்து பேசாமல் எதிலும் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டாம்.

நம் கடமை

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் 9:60 குறிப்பிடுகிறது. அதில் முதலில் வருபவர்கள் ஏழைகளும் வறியவர்களும். குடியிருக்கும் வீடு அடிப்படைத் தேவை. தன் தேவைக்கேற்ற ஒரு வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் ஏழை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட மாட்டார். ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் இதுவே நிலை. ஆகவே அந்த மூதாட்டிக்குத் தாராளமாக ஜகாத் கொடுக்கலாம். பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். அவர் அதை வரிக்குக் கட்டிக்கொள்ளட்டும். நீங்களே கட்டுவதானால் அவருடைய சம்மதத்தைப் பெறுங்கள். ஐயம் இருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

இந்த வாரம் உங்கள் தெருவில் தனியாக வாழும் ஒரு பெரியவரைப் போய்ப் பாருங்கள். 'வரி ரசீதைக் கொஞ்சம் காட்டுங்கள் நன்னி' என்று நீங்களே கேளுங்கள். அவர்களாக வந்து கேட்க மாட்டார்கள். மனு எழுதவும் உடன் போகவும் படித்த பிள்ளைகள் முன்வர வேண்டும். அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்கூலி தருவானாக. ஆமீன்.