கேட்காமலே ஃபார்மட் செய்துவிட்டார்கள்: படங்களுக்கு நஷ்டஈடு கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் சார், கம்பத்தில் சின்னதாக ஓர் உரக்கடை வைத்திருக்கிறேன். கேமரா எனக்குப் பொழுதுபோக்கு. அதில் வருமானம் எதுவும் இல்லை. மேகமலை, சுருளி அருவி, வீரபாண்டி சித்திரைத் திருவிழா, திராட்சைத் தோட்டங்கள், 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை எங்கள் ஊருக்குள் புகுந்தபோது மாடியிலிருந்து எடுத்தவை என்று பல வருடப் படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. சென்ற மாதம் போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர் ஒன்றின் கிராக் பதிப்பை இறக்கினேன். மறுநாள் ஒரு படமும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் பாதி. பயந்துபோய் தேனியில் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். ‘வைரஸை மட்டும் எடுங்க, படம் முக்கியம்’ என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர்கள் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்து, புது விண்டோஸ் போட்டு, 1,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். கேட்டால், பில்லின் அடியில் ‘டேட்டாவுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். வைரஸ் வந்த அன்று செருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் பூட்டப்பட்ட படங்கள் அப்படியே இருக்கின்றன. போலீஸுக்குப் போனால் கிராக் சாஃப்ட்வேருக்காக என்னையே பிடிப்பார்களா? கடைக்காரர் மீது வழக்குப் போடலாமா? இன்னொன்று, என் மேகமலைப் படத்தை ஒரு கடையின் காலண்டரில் அச்சடித்திருக்கிறார்கள். ஒரிஜினலே போன பிறகு உரிமை கேட்க முடியுமா?

— கம்பம் வாசகர்

பதில்: சட்டம் பேசுவதற்கு முன் ஒரு காரியம். அந்த கம்ப்யூட்டரை இப்போதே அணைத்து ஓரமாக வையுங்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எதிலும் செருகாதீர்கள். ஃபார்மட் ஆன டிஸ்க்கில் நீங்கள் புதிதாக எழுதும் ஒவ்வொரு ஃபைலும் பழைய படம் இருந்த இடத்தில் போய் உட்காரலாம். உங்களுக்கு இருக்கிற சாட்சியமும் அந்த டிஸ்க்குகள்தான், படங்கள் திரும்பக் கிடைக்க இருக்கிற வழியும் அவைதான்.

வைரஸ் அனுப்பியவன் விஷயத்தை முதலில் பார்ப்போம். 2000 மே 4-ம் தேதி ‘ஐ லவ் யூ’ என்ற வைரஸ் உலகத்தைச் சுற்றி வந்தது ஞாபகம் இருக்கும். அதுவும் படங்களைத் தின்றது. ஜேபெக் ஃபைல்களின் மேல் தன்னையே எழுதிக்கொண்டது. மணிலாவில் ஓர் இளைஞரைப் பிடித்தார்கள். ஆனால் வைரஸ் விடுவது குற்றம் என்று சொல்லும் சட்டம் அன்று பிலிப்பைன்ஸில் இல்லாததால் அவர் மீதான வழக்கு நிற்கவில்லை. நம்மிடம் சட்டம் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றி வைரஸ் புகுத்துவதையும் தகவலை அழிப்பதையும் நஷ்டஈட்டுக்குரிய செயல்கள் என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு அல்லது மோசடியாகச் செய்தால் 66-வது பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மிரட்டிப் பணம் கேட்டதால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-வது பிரிவும் சேரும்.

சட்டம் இருந்தால் ஆள் கிடைப்பானா என்றால், பெரும்பாலும் மாட்டான். எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே தெரியாது. 2021 செப்டம்பரில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் கம்ப்யூட்டர்களையே இப்படிப் பூட்டி கிரிப்டோவில் பணம் கேட்டார்கள். ஆகவே அவனிடமிருந்து நஷ்டஈடு வாங்கும் நினைப்பை விடுங்கள். ஆனால் புகாரை விடாதீர்கள். அடுத்து நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும், ‘அன்றே புகார் கொடுத்தீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியலாம். தேனி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரிலும் போகலாம். 1930 என்ற எண், பணம் பறிபோனவர்கள் உடனே கூப்பிட வேண்டியது. நீங்கள் பணம் கட்டவில்லை, நல்லது, இனியும் கட்டாதீர்கள். கட்டினாலும் பூட்டைத் திறக்கும் சாவி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வைரஸ் புகுத்திய குற்றத்தை இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78-வது பிரிவு. புகாரை வாங்க மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)-ன்படி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு.

கிராக் பற்றிய பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி குற்றம்தான். குறைந்தது ஏழு நாள் சிறை என்று ஆரம்பிக்கிறது. ஆனால் லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்குள் அபராதத்தோடு நீதிமன்றம் விட்டுவிடலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. பறிகொடுத்தவராகப் புகார் கொடுக்க வந்த பொழுதுபோக்குக் கலைஞரை இதற்காகப் போலீஸ் துரத்தும் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக, ‘தானாக வந்தது’ என்று புகாரில் எழுதிவிடாதீர்கள். டிஸ்க்கைச் சோதித்தால் கிராக் ஃபைல் கிடைக்கும். அப்போது உங்கள் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பு போய்விடும். எழுதுவதற்கு முன் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

இனி கடைக்காரர். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பூட்டப்பட்ட படம் அழிந்த படம் அல்ல. வைரஸ் பூட்டியது, ஃபார்மட்தான் அழித்தது. ‘கிராக் போட்டது உன் தப்பு’ என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். அது பூட்டுக்குப் பதிலே ஒழிய, ஃபார்மட்டுக்குப் பதில் ஆகாது. கூலி வாங்கிக்கொண்டு, படம் முக்கியம் என்று சொன்னவரைக் கேட்காமல், பிரதியும் எடுக்காமல் துடைத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி சேவைக் குறைபாடு. கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்பதால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவுக் குற்றமாக அதை இழுக்க வேண்டாம். இழுத்தால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும்.

‘பொறுப்பல்ல’ என்ற வரியைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள், அலட்சியமும் செய்யாதீர்கள். பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், கூரியர் ரசீதில் கையெழுத்துப் போட்டவரை அதில் இருந்த பொறுப்பு வரம்பு கட்டுப்படுத்தும் என்றது. ஆகவே நான் உங்களிடம் கேட்பது: அந்த வரி எப்போது உங்கள் கைக்கு வந்தது? கம்ப்யூட்டரைக் கொடுத்தபோதே கடையின் ஜாப் கார்டில் (வேலைச் சீட்டில்) படித்துக் கையெழுத்துப் போட்டீர்களா, இல்லை எல்லாம் முடிந்து பணம் கட்டியபின் பில்லில் பார்த்தீர்களா? பின்னது என்றால், வேலை முடிந்தபின் நீட்டிய நிபந்தனைக்கு நீங்கள் சம்மதித்ததாகச் சொல்வது கடினம். ஜாப் கார்டை முதலில் தேடி எடுங்கள்.

முதலில் ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ். பதில் சரியில்லை என்றால் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த சேவைக் கட்டணம் 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, உங்களுடையது 1,500. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கட்டிய பணம் திரும்ப, தகவல் மீட்புக்கு ஆகும் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். விற்காத படத்துக்குச் சந்தை விலை காட்ட முடியாது என்பதால் லட்சக்கணக்கில் எதிர்பார்க்க வேண்டாம்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின்கீழ் இன்னொரு கதவும் உண்டு: 5 கோடி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பளிக்கும் அதிகாரி, அதாவது மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர். இணையத்தில் பணம் பறிகொடுத்த ஒரு தனியார் வங்கி வாடிக்கையாளருக்கு, வங்கி 12.85 லட்சம் தர வேண்டும் என்று 2010-ல் அந்த அதிகாரி உத்தரவிட்டார். ஆனால் அதற்குச் சென்னை வரை அலைய வேண்டும். உங்கள் அளவுக்குத் தேனி போதும்.

படங்கள் திரும்புமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மீட்புச் செலவைக் கேட்கச் சொன்னதால் சொல்கிறேன். 980 டாலர், 72 மணி நேரத்தில் பாதி என்பது ‘ஸ்டாப்’ என்ற வைரஸ் குடும்பத்தின் வழக்கமான கணக்கு. அது ஒரு ஃபைலின் முதல் ஒன்றரை லட்சம் பைட் அளவை மட்டும் பூட்டும். எட்டு எம்பி படம் ஒன்றில் மிச்சமெல்லாம் உள்ளே அப்படியே இருக்கும். அதே கேமராவில் எடுத்த நல்ல படம் ஒன்றின் தலைப்பகுதியைப் பொருத்தி, மேல்விளிம்பு கொஞ்சம் போனாலும் மீதிப் படத்தை எடுத்துவிடுகிறார்கள். எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவசத் திறப்பான் பழைய ரகங்களுக்கும், புதிய ரகங்களில் சிலவற்றுக்கும் பலிக்கும். எதைச் செய்தாலும் டிஸ்க்கின் பிரதி மீது செய்யச் சொல்லுங்கள். மூல டிஸ்க் வழக்குக்கு வேண்டும். ஃபார்மட் ஆனது எஸ்.எஸ்.டி. என்றால் நம்பிக்கை குறைவு. பழைய சுழலும் டிஸ்க் என்றால் உண்டு. பழைய மெமரி கார்டுகளிலும் இனி படம் எடுக்காதீர்கள். ‘போட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் அவற்றில் அழித்ததைத் தோண்டி எடுக்கும். அரிக்கொம்பன் வந்த மே 27 அன்று அந்தப் படங்களை யார் யாருக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டீர்களோ, அவர்களிடமும் கேளுங்கள்.

காலண்டர் விஷயம் சுருக்கமானது. பதிப்புரிமை படைப்பின் மேல் இருக்கிறது, ஃபைலின் மேல் அல்ல. ஃபைல் போனாலும் உரிமை உங்களுடையதே. 2012 திருத்தத்துக்குப் பின் புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டும். பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எடுத்தது நீங்கள்தான் என்பதைக் காட்ட, ஃபேஸ்புக்கில் போட்ட தேதி, அனுப்பிய மெயில், அதே நாளில் அதே இடத்தில் எடுத்த அடுத்தடுத்த படங்கள் உதவும். இவற்றை நீதிமன்றத்தில் காட்டும்போது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63-வது பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஒரு பகுதியில் நீங்களும் மறு பகுதியில் நிபுணரும் கையெழுத்திட வேண்டிய படிவம் அது.

பில், ஜாப் கார்டு, பணம் அனுப்பிய ரசீது, கடைக்காரரோடு நடந்த வாட்ஸப் உரையாடல், மிரட்டல் குறிப்பின் போட்டோ, எல்லாவற்றையும் இன்றே ஒரு கவரில் போட்டு வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். உங்கள் டிஸ்க்கை ஃபார்மட் செய்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிட்டது.