காட்டை எண்ணுவது எப்படி?



ஒரு காட்டில் எத்தனை மரம் இருக்கு? ஒவ்வொன்றாக எண்ண ஆயுசு பத்தாது. அதற்கு இரண்டு கண் வேண்டும். ஒன்று வானத்தில், ஒன்று தரையில்.

வானத்துக் கண்: நம் நாட்டின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள். அதன் லிஸ்-3 கேமராவில் ஒரு புள்ளி என்பது தரையில் 23.5 மீட்டர் சதுரம். தனி மரம் தெரியாது. ஆனால் இலையானது சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். அதை வைத்து எங்கே இலை அடர்த்தி என்று கண்டுபிடிப்பார்கள்.

டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் வன அறிக்கை வெளியிடுகிறது. குறைந்தது 1 ஹெக்டேர் இடத்தில், 10 சதவீதமாவது மரக்கிளை மூடியிருந்தால் அது வனப்பரப்பு. தென்னந்தோப்பும் இதில் சேரும்! 2023 அறிக்கைப்படி இந்தியாவின் வனப்பரப்பு 7,15,343 சதுர கி.மீ., அதாவது 21.76 சதவீதம்.

தரைக் கண்: காட்டில் சின்னச் சின்னக் கட்டம் போட்டு உள்ளே உள்ள மரங்களை அளப்பார்கள். 1.37 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள்.

நாங்களும் ஏரிக்கரையில் செய்து பார்த்தோம். கரையை வரைந்து, கட்டம் போட்டு, சீட்டுக் குலுக்கி 3 இடம் எடுத்தோம். ஒவ்வொன்றும் 10 மீட்டர் சதுரம். எனக்கு வந்த இடம் ஒரே முள்ளு. "டீச்சர், பக்கத்துல வேப்பமரத்தடியில போட்டுக்கலாமா?" என்று கேட்டேன். "முள்ளு இல்லாத இடமாப் பாத்து எண்ணினா, முள்ளு இல்லாத காடுதான் கணக்குல வரும்" என்றார். பாவாடையெல்லாம் கிழிந்தது. ஆனால் அன்றைக்குத்தான் பாடம் புரிந்தது.

கிடைத்தது: 11, 3, 7 மரங்கள். சராசரி 7. ஒரு கட்டம் 100 சதுர மீட்டர், ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர். ஆகவே ஹெக்டேருக்குச் சுமார் 700 மரம். முதல் கட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் 1,100 என்று தப்பாச் சொல்லியிருப்போம். 3 கட்டமும் போதாது, நிறையப் போட்டால்தான் கணக்கு சரியாக வரும்.

பரப்பு எவ்வளவு என்று வானத்துக் கண் சொல்லும். 2 ஹெக்டேர் என்றால் 700 × 2 = 1,400 மரம். இப்படித்தான் இரண்டு கண்ணும் சேர்கின்றன.

இன்னொன்று. நாங்கள் எண்ணிய 21 மரத்தில் 18 சீமைக்கருவேலம்! மேலேயிருந்து பார்த்தால் ஏரிக்கரை பச்சைப்பசேல். என்ன மரம் என்று நடந்து போனவர்களுக்குத்தான் தெரியும். பச்சையாக இருப்பதெல்லாம் காடு என்று நாம் ஏமாறக் கூடாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் விட்டம். ஒரு புளியமரத்தின் சுற்றளவு 157 செ.மீ. விட்டம் எவ்வளவு? விடை அடுத்த இதழில்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி