உப்பைப் பின்தொடரும் வாசிப்பு

அறிவியல் ஆசிரியர் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு நூற்பட்டியல். கருந்துளை பற்றி ஒன்று, மரபணு பற்றி ஒன்று, அறிவியலறிஞர்களின் வாழ்க்கை வரலாறு இரண்டு. அந்தப் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. அவற்றைப் படித்து முடித்தவரிடம் தகவல் சேரும். ஒரு கேள்வி எப்படிப் பிறக்கிறது, எப்படி வளர்கிறது என்று மாணவருக்குக் காட்ட அந்தத் தகவல் உதவுவதில்லை. வகுப்பறை எனக்குக் கற்றுத் தந்தது வேறு. ஆசிரியரின் வாசிப்பை அவருடைய பொழுதுபோக்கு இழுத்துச் செல்ல வேண்டும். அந்தப் பொழுதுபோக்கை அவர் வேலை பார்க்கும் ஊர் தர வேண்டும். பொன்னேரிக்குப் பக்கத்துக் காட்டூரிலும், அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவர் ஊர்களிலும் அப்படிப்பட்ட ஒரு பொருள் காலடியிலேயே கிடக்கிறது. அது உப்பு.

பழவேற்காடு, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியே கடல் உள்ளே வருகிறது. ஆழம் குறைந்த ஏரி என்பதால் மழைக்கும் வெயிலுக்கும் உடனே மாறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்கும். சித்திரை, வைகாசியில் ஏறும். முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோன கோடையில் ஏரி நீர் கடலைவிடவும் உப்பாவது உண்டு. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் இந்த முகத்துவாரம் வழியே உள்ளே வந்து, வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே உப்பும் முகத்துவாரமும் இங்கே வீட்டு வருமானத்தைத் தீர்மானிப்பவை. மேற்கே நகர்ந்தால் நெல்வயலும் ஏரிப்பாசனமும் தொடங்கிவிடும். அங்கே உப்பு நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் உட்புகுந்து வந்திருக்கிறது. காட்டூர், தத்தமஞ்சி ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கும் வேலையை நீர்வளத்துறை எடுத்துக்கொண்டதையும் இந்தப் பின்னணியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஏரியோரத்துப் பிள்ளைக்கும் வயலோரத்துப் பிள்ளைக்கும் பொதுவான ஒரு கேள்வி வேண்டுமென்றால், தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இதை ஒரு பொழுதுபோக்காகத் தொடங்க ஆய்வகம் தேவையில்லை. சீரான தடிமனுள்ள மெல்லிய குழல் ஒன்றின் ஒரு முனையை அடைத்து, உள்ளே கொஞ்சம் மணல் போட்டால் அது தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கும். நன்னீரில் அது 20 சென்டிமீட்டர் மூழ்குமாறு மணலைச் சரிசெய்து கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அதே குழலைக் கடல்நீரில் விட்டால் சுமார் 19.5 சென்டிமீட்டர்தான் மூழ்கும். நன்னீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025, அந்த இரண்டரை விழுக்காட்டு வேறுபாடுதான் இந்த 5 மில்லிமீட்டர். ஏரி நீர் இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கும். எங்கே என்பது மாதத்துக்கு மாதம் மாறும். செய்து பார்க்காமல் படித்ததை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே சான்று இருக்கிறது. உப்புநீரில் முட்டை மிதக்கும் என்ற சோதனை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் புது முட்டை கடல்நீரில் மூழ்கிவிடும், ஏனென்றால் அதன் அடர்த்தி கடல்நீருடையதைவிட அதிகம். மிதக்க வேண்டுமென்றால் கடல்நீரில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு உப்பைக் கரைக்க வேண்டும். ஏரிக்கரைப் பள்ளியில் ஏரித் தண்ணீரையே எடுத்து அந்தச் சோதனையைச் செய்யும் ஆசிரியருக்கு முட்டை அடியில் போய் உட்காரும். அந்த இடத்தில்தான் உண்மையான வாசிப்பு ஆரம்பமாகிறது.

அந்த வாசிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரே எண்ணைச் சொல்கிறேன். கடலோர நிலத்தில் நன்னீர், தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் பாடோன் கைபனும், 1901இல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் இதற்கொரு கணக்குச் சொன்னார்கள். நிலத்தடி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். 40 எங்கிருந்து வந்தது? ஒன்றை 0.025ஆல் வகுத்துப் பாருங்கள். குழலை 5 மில்லிமீட்டர் உயர்த்திய அதே வேறுபாடு இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறிவர இடம் கொடுக்கிறோம். மண்ணடுக்குகள் சிக்கலான இடத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் மீஞ்சூர்க் கிணறுகள் ஏன் உப்பாயின, ஏரியில் தேங்கும் நன்னீருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. பட்டியல் போட்டுப் படித்திருந்தால் மிதக்கும் குழலும் நிலத்தடி நீரும் இரண்டு வெவ்வேறு புத்தகங்களில், ஒன்றையொன்று அறியாமல் கிடந்திருக்கும்.

குழலுக்கு அடுத்தது டி.டி.எஸ். கருவி. கேன் தண்ணீர் வாங்கும் வீடுகள் பலவற்றுக்கு அதை இப்போது தெரியும். குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவு. கடல்நீரில் இது ஏறத்தாழ 35,000. கையடக்கக் கருவிகள் பலவும் பத்தாயிரத்துக்குள்ளேயே நின்றுவிடும் என்பதால் ஏரி நீரை நேராக அளக்க முடியாது. ஒரு பங்கு ஏரி நீரோடு ஒன்பது பங்கு மழைநீரோ ஆர்.ஓ. நீரோ சேர்த்து அளந்து பத்தால் பெருக்க வேண்டும். சேர்த்த நீரை முதலில் தனியாக அளந்து கழித்துக்கொள்வதும் அவசியம். பிள்ளைகளை ஏரிக்குள் இறக்கக் கூடாது, படகில் ஏற்றக் கூடாது. அவரவர் வீட்டுக் கிணற்று நீரும் போர் தண்ணீரும் குப்பியில் வந்தால் போதும். ஏரி நீரைத் தொழிலுக்குப் போய்வரும் பெரியவர்கள் மொண்டு தருவார்கள். எண்ணோடு தேதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள், அமாவாசையா பௌர்ணமியா, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளில்லை.

ஒரு பொருளை விடாமல் பிடித்துக்கொள்வது குறுகிய புத்தி ஆகாதா என்று கேட்கலாம். மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இளையோருக்கு ஆற்றிய ஆறு சொற்பொழிவுகளும் மெழுகுவத்தி ஒன்றைப் பற்றியவை. எரிதல், நீர், ஆக்சிஜன், மூச்சு என்று வேதியியலின் பெரும்பகுதியை அந்தச் சுடரிலிருந்தே எடுத்துவிட்டார். அவர் படித்த முறையும் அப்படித்தான். புத்தகம் கட்டும் கடையில் வேலை கற்ற காலத்தில் ஜேன் மார்செட்டின் வேதியியல் உரையாடல் நூலைப் படித்தார். சொன்னதைச் சின்னச் சோதனைகள் செய்து சரிபார்த்த பிறகே அந்த நூலை நம்பினார். நம் ஏரிக்கே வந்தால், தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் பழவேற்காட்டைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். ஏரியின் உயிரினங்களைப் பற்றிய அவருடைய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006இல் வெளியிட்டது. அவரும் பாடம் நடத்திய ஓர் ஆசிரியர். காட்டூர்ப் பகுதியில் வேலை பார்க்கும் ஆசிரியரின் மேசையில் முதலில் இருக்க வேண்டிய புத்தகம் எது என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

தமிழில் படிக்க என்ன இருக்கிறது என்ற சலிப்பும் அடிக்கடி காதில் விழுகிறது. பெ. நா. அப்புசாமி தொழிலால் வழக்கறிஞர். அறிவியலைத் தமிழில் சொல்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் துளிர் இதழைக் குழந்தைகளுக்காக நடத்தி வருகிறது. கல்லூரிகளில் தமிழ்வழிக் கல்விக்காகத் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அச்சிட்ட பழைய இயற்பியல், வேதியியல் நூல்களைத் தேடிப் பிடித்துப் படிக்கலாம். கலைச்சொல் சில மாறியிருக்கும், விளக்கம் மாறவில்லை. நீரியல் போன்ற துறைகளில் தமிழ் நூல்கள் குறைவு என்பது உண்மைதான். அங்கே ஆங்கிலம் படிக்க வேண்டியிருக்கும். படித்ததை அன்றே தன் சொற்களில் தமிழில் அரைப்பக்கம் எழுதி வைத்தால், மறுநாள் வகுப்புக்கு அதுவே குறிப்பு.

புத்தகத்துக்கு நிகரான இன்னொரு வாசிப்பு கரையில் இருக்கிறது. காற்றுக்கு வாடை, கச்சான், கொண்டல் என்றும், கடல் நீரோட்டத்துக்கு வன்னி, தெண்டி என்றும் சோழமண்டலக் கரையில் பெயர்கள் உண்டு. இறால் பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் பாடு முறை பழவேற்காட்டில் நெடுங்காலமாக இருக்கிறது. எந்த இடத்தில் எந்தப் பருவத்தில் எது கிடைக்கும் என்ற கூர்மையான அறிவு இல்லாமல் அப்படிப் பங்கிட முடியாது. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் இதைக் கேட்டு, சொன்னவரின் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் கேட்டதெல்லாம் சரி என்று தலையாட்டுவது மரியாதை ஆகாது. புத்தகத்தைச் சோதிப்பது போலவே கரையில் கேட்டதையும் அளந்து பார்க்க வேண்டும். அளந்ததைச் சொன்னவரிடமே கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பொருந்தாத இடத்தில் பிழை நம் அளவில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

வலுவான மறுப்பு நேரம் பற்றியது. எமிஸ் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு, தேர்வுத்தாள் என்று ஆசிரியரின் நாள் ஏற்கெனவே துண்டாகிக் கிடக்கிறது. இதில் பொழுதுபோக்குக்கு ஏது பொழுது? இந்தக் குறையை நான் சிறிதாக்க மாட்டேன். அந்தச் சுமையைக் குறைக்க வேண்டியது துறையின் பொறுப்பு, ஆசிரியரின் ஆர்வத்தைக் காட்டி அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் வாரத்துக்கு ஒரு குப்பியை அளப்பது பத்து நிமிட வேலை. அது பாடத்துக்கு வெளியேயும் இல்லை. ஒன்பதாம் வகுப்பின் பாய்மங்கள், பத்தாம் வகுப்பின் கரைசல்கள், சவ்வூடு பரவல், மின்கடத்தல் என எதைத் தொட்டாலும் அந்தக் குப்பி உள்ளே வந்துவிடும். 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்குச் செய்து பார்க்கும் அறிவியலைக் கொண்டுவந்தது; எதைச் செய்து பார்ப்பது என்பதை ஊர் தீர்மானிக்க அதில் இடம் இருக்கிறது.

இதைவிட ஆழமான மறுப்பு பெற்றோரிடமிருந்து வரும். பிள்ளை இந்தத் தண்ணீரை விட்டு வெளியேற வேண்டும் என்றுதானே பள்ளிக்கு அனுப்புகிறோம், திரும்பவும் ஏரியையே சொல்லிக் கொடுப்பீர்களா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. வலை இழுத்தே கை காய்த்தவர்கள் கேட்கும் கேள்வி அது. என் பதில்: அளக்கவும், ஐயப்படவும், பதிவு செய்யவும் ஏரியில் கற்ற பிள்ளை அந்தத் திறனை மருந்துக் கம்பெனிக்கோ செவிலியர் படிப்புக்கோ எடுத்துச் செல்லும். ஊரைப் படிப்பது ஊரில் கட்டிப்போடுவது ஆகாது. ஏரியை விடாமலேயே மேலே போகவும் பாதை இருக்கிறது. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி பக்கத்துப் பொன்னேரியிலேயே உள்ளது. அங்கே இந்தக் கரைப் பிள்ளைகள் கூடுதலாகச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

உப்பில் மனம் ஒட்டாதவருக்கு ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறது. ராக்கெட் ஏறும்போது வெளிச்சம் முதலிலும் முழக்கம் பிறகும் வரும். 35 கிலோமீட்டர் தள்ளி நிற்பவரை ஒலி வந்தடைய ஏறத்தாழ 100 நொடி ஆகும். தொலைக்காட்சி நேரலை சில நொடிகள் பின்தங்கும் என்பதால், அதைப் பார்க்காமல் அறிவிக்கப்பட்ட ஏவுநேரத்தையும் கைப்பேசிக் கடிகாரத்தையும் கொண்டு கணக்கிட வேண்டும். பறவையில் விருப்பமுள்ளவர் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். எதுவானாலும் ஒன்றைப் பிடித்துப் பல ஆண்டுகள் விடாமல் இருப்பதே தேவை.

பல ஆண்டுகள் என்றதும் பணிமாறுதல் நினைவுக்கு வரும். அதனால்தான் குறிப்பேடு ஆசிரியருடையதாக இல்லாமல் பள்ளியுடையதாக இருக்க வேண்டும் என்கிறேன். எந்தக் கிணறு, கரையில் எந்த இடம், எந்தக் கருவி, எத்தனை பங்கு நீர் சேர்த்தது என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தால், அடுத்து வருபவர் முந்தியவரைக் கேட்காமலே தொடரலாம். கருவி மாறினால் பழையதும் புதியதும் ஒரே நீரை அளந்த எண்களை அருகருகே எழுத வேண்டும். இல்லையேல் அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிட முடியாது. அளக்கும் பொறுப்பை எட்டாம் வகுப்புக்குக் கொடுத்துவிடலாம். அவர்கள் ஒன்பதுக்குப் போகும்போது அடுத்த எட்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை நகலெடுத்து ஒன்றைப் பொன்னேரிக் கல்லூரிக்கும் ஒன்றை ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கொடுக்கலாம்.