காண்ட்ராக்டரிடம் ஜெராக்ஸ் கொடுக்கும் முன்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகள் பலர் கம்பெனியில் நேரடியாகச் சேர்வதில்லை. ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். சேரும் நாளில் ஆதார், பான், பாஸ்புக், போட்டோ என்று ஒரு கட்டு ஜெராக்ஸ் கைமாறும். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. உங்கள் பெயரில் இன்னொருவர் சிம் வாங்கவும், கடன் எடுக்கவும், ஜிஎஸ்டி பதிவு செய்யவும் அந்தக் கட்டு உதவக்கூடும். தினக்கூலிகளுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்த செய்திகளைத் தமிழ்நாட்டிலேயே படித்திருப்பீர்கள். 2023-இல் விஜயவாடாவில் ஒரே ஆளின் புகைப்படத்தில் 658 சிம் கார்டுகள் வாங்கப்பட்டிருந்தது தெரியவந்தது.

ஆகவே கேளுங்கள்: இது எதற்கு, யாரிடம் போகும்? பதில் வந்த பிறகு, ஜெராக்ஸின் குறுக்கே எழுத்தின் மேல் படும்படி நிறுவனத்தின் பெயர், "வேலைக்காக மட்டும்", தேதி, கையெழுத்து ஆகியவற்றைப் பேனாவால் எழுதிக் கொடுங்கள். முழு எண் தேவைப்படாத இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கும். பிரவுசிங் சென்டரில் இறக்கினால், பிரிண்ட் எடுத்ததும் அந்தக் கணினியிலிருந்து கோப்பை அழிக்கச் சொல்லி, நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயங்க வேண்டாம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே, ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்த குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடத்திலிருந்து சிறுவன் எடுத்துத் தரும் ஓலையை நடுவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், உரக்கப் படிக்க வேண்டும், அங்கிருக்கும் நம்பிமாரும் (கோயில் பூசகர்களும்) அதைப் படிக்க வேண்டும் என்கிறது அது. பெயர் எழுதிய ஓர் ஓலை கைமாறவே அத்தனை கட்டுப்பாடு.

ஏடிஎம் கார்டு, சிம், ஓடிபி, வெற்றுத்தாளில் கையெழுத்து: இவற்றை எந்த வேலைக்காகவும் யாரிடமும் கொடுக்கக் கூடாது. "அக்கவுண்டை மட்டும் கொடு, மாசாமாசம் பணம் தர்றேன்" என்பவரிடம் பேச்சே வேண்டாம். மோசடிப் பணம் அதன் வழியாகப் போனால் போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

கைரேகையும் களவு போகிறது. ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் ரேகை வைத்தால் போதும், ஓடிபி கேட்காது. பத்திரங்களில் பதிந்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் பிற மாநிலங்களில் பதிவாகியுள்ளன. ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வையுங்கள். ரேஷன் கடையில் ரேகை வைக்கும் முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம். சிறிது நேரத்தில் தானே பூட்டிக்கொள்ளும். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள்.

மாதம் ஒரு ஞாயிறு கொஞ்ச நேரம் ஒதுக்கினால் மீதியைப் பார்த்துவிடலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை செல்பேசி எண்கள் என்று தெரியும். தெரியாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம். பிஎஃப் கணக்கின் பணி வரலாற்றில் நீங்கள் வேலை பார்க்காத கம்பெனி இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் பான் எண்ணைப் போட்டுத் தேடினால், அந்த எண்ணில் யாராவது தொழில் பதிவு செய்திருப்பது தெரிந்துவிடும். சிபில் போன்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்காத கடன் ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். தாமதிக்கத் தாமதிக்க, பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்ந்துவிடும். பணம் போகாமல் பெயர் மட்டும் களவாடப்பட்டிருந்தாலும் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவின்படி அடையாளத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகாருக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு வங்கியோ வரித்துறையோ கேட்டால் காட்ட அது வேண்டும்.